நீ அமைதியாக்கிய பிள்ளை

சிட்டு,

உன் துணி மூட்டையை வெள்ளைக்காரத் துரைசாணி இன்று ஆள் விட்டு அனுப்பினாள். அவிழ்த்ததும் அந்தச் சோப்பு வாசம் வந்தது. யுத்தத்தில் சோப்புக் கிடைக்காமல் ஊரே உவர்மண் போட்டுத் துணி வெளுத்துக்கொண்டிருக்க, உனக்கு மட்டும் சீமைச் சோப்பு. கூடப் பிறந்தவள் செத்தால் அவள் சேலையை முகத்தில் வைத்து அழுவார்கள். நான் மூலையில் எறிந்தேன். உன்னோடு எனக்குச் சண்டை இன்னும் தீரவில்லை.

அப்பா செத்தபின் நான் கடலைக்கொல்லையில் களை பறித்தேன், நீ பள்ளிக்கூடம் போனாய். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, இன்று சொல்லுகிறேன். படித்து முடித்து எங்கே போய்ச் சேர்ந்தாய்? கடல் தாண்டி வந்த அந்தத் துரையும் துரைசாணியும் போட்ட ஓலைக் கோயிலில். நாலைந்து குடும்பந்தான் அந்தச் சபை. மற்ற வேதக்காரர்களே, "திராட்ச ரசத்துக்குப் பதிலாத் தண்ணி குடுக்குற கோயிலு" என்று சிரித்தார்கள்.

அங்கே பிள்ளைகளுக்குப் பயபக்தி கற்றுக்கொடுப்பது உன் வேலை. "வள்ளிய அனுப்புக்கா, நாலு எழுத்துப் படிப்பா" என்றாய். நம்பி என் மகளைக் கூட்டிவந்து நானும் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். நீ பூவரசம்பூ பறித்துவந்து ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஒன்று வைப்பாய். கையைக் கட்டி, கண்ணை மூடி, ஜெபம் முடிகிறவரை பூ விழாமல் இருக்க வேண்டும். "சத்தம் இல்லாத எடத்துக்குத்தான் ஆண்டவரு வருவாரு. சத்தம் கேட்டா அங்கிட்டே திரும்பிப் போயிருவாரு" என்பாய். மொட்டை போட்ட ஒரு பயலுக்குப் பூ வழுக்கிக்கொண்டே இருந்தது. "டீச்சர், முடி மொளைக்கட்டும், அப்பறமா நான் பக்தியா இருந்துக்கிறேன்" என்றான். நீயும் வாயைப் பொத்திச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னிடம் இருந்ததையும் நான் மறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பங்கிட அப்பத்தட்டை எடுத்து வைத்தார்கள். துரை மண்டியிட்டார். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள் ஆறு வயது வள்ளி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

அவள் கணக்கு சரிதானே? சத்தம் நின்றால் ஆண்டவர் வருவார் என்று நீதான் சொன்னாய். சத்தம் நின்றது. சாமி வந்தால் குலவை போட வேண்டும். மாரியாத்தா கரகம் வரும்போது நான் போடுவதைப் பார்த்தவள். ஒரு காலத்தில் நீயும் போட்டவள்தான்.

துரைசாணி கண்ணைத் திறந்து ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. மானம் போனது உனக்குத்தான். பிள்ளையை வெளியே இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தி, உன் கைக்குட்டையால் அவள் வாயைக் கட்டினாய். நான் ஓடிவந்து அவிழ்த்தேன்.

"சாமிக்கித்தானடி கொலவ போட்டா? அதுக்கு வாயக் கட்டுவியா?"

"எல்லாம் ஒன்னயப் பாத்துக் கத்துக்கிட்டது. நம்மளக் காட்டுச் சனம்னு அவங்க நெனைக்கணுமா?"

"நெனைக்கட்டுமே. நீ என்ன சீமையிலயா பொறந்தே? இந்தக் கடலைக்கொல்லையிலதானே பொறந்தே?"

"மெதுவாப் பேசுக்கா. உள்ள ஜெபம் நடக்குது."

பிள்ளை தேம்பிக்கொண்டு நிற்கிறாள். உனக்கு உள்ளே ஜெபம் கெடக்கூடாது.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் வரவில்லை. வள்ளியையும் தடுத்தேன். அவளோ எனக்குத் தெரியாமல் உன்னிடம் ஓடிவந்தாள். வாயைக் கட்டியவள்மேலேயே உயிராக இருந்தாள். நீ கட்டியதைக்கூட மன்னித்திருப்பேன், இதை மன்னிக்க முடியவில்லை. நடவில் பெண்கள் குலவை போட்டால் அவள் வரப்பில் கையைக் கட்டி நிற்பாள். முழங்கால் கிழிந்து வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். "எம்புட்டு அடக்கமான புள்ள" என்று ஊரார் மெச்சினார்கள். என் வீட்டில் கத்தித் திரிந்த பிள்ளை எங்கே போனாள்?

பிறகு விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. குழியைச் சுற்றி உன் சபையார் கையைக் கட்டி நின்றார்கள். ஒருத்தர் வாயிலும் சத்தமில்லை. அநாதைப் பிணமா நீ? நான் மாரில் அடித்துக்கொண்டு, "ஏங்கூடப் பொறந்தவளே" என்று ஒப்பாரி எடுத்தேன். அடுத்த வரி வருவதற்குள் ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியது.

"வேணாம் ஆத்தா. சின்னாத்தாளுக்குச் சத்தம் பிடிக்காது."

அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வேறு யாராக இருந்தாலும் தட்டிவிட்டிருப்பேன். பெற்ற பிள்ளையின் கையை எப்படித் தட்டுவேன்? அந்த ஒப்பாரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. கஞ்சி இறங்குகிறது, அது இறங்கவில்லை. கொல்லைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் போய்வருகிறேன். வீட்டில் அழலாம் என்றால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் சொன்னது நிசமா, சிட்டு? உன்மேல் மண் விழுந்தபோது, அக்கா வாய்விட்டு அழமாட்டாளா என்று நீ காத்துக்கொண்டு கிடக்கவில்லையா?