மூன்று வாரம் வெளியே

செப்டம்பர் 3
ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தான் ஆண்டோ அண்ணன். "குஷியா சொல்லு ஜெசிந்தா, எழவு சேதி மாதிரி சொல்லாத!" திண்டிவனத்தில் மெத்தைக் கடை மாடி. எதிரொலிக்காமல் இருக்கச் சுற்றிலும் மெத்தைகள். சத்தம் வருமென்று மின்விசிறியும் கிடையாது. வேர்த்து ஊற்றினால் குஷி எங்கிருந்து வரும்? அவன் யூடியூப் சேனலில் என் முகம் வராது, குரல் மட்டும்தான். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். வாரம் ஒரு அமெரிக்க மாநிலத்தின் கதை, இந்த வாரம் டெக்சாஸ்.

செப்டம்பர் 5
டெக்சாஸ் கொஞ்ச காலம் தனி நாடாகவே இருந்ததாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடினால் ஊரே திரண்டுவிடுமாம், மயிலம் தேர் மாதிரி. பாடத்தில் பெயிலானால் ஆடக் கூடாது என்று எண்பதுகளில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஊர் ஊராகக் கோபம். அங்கே ஆளுநரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டம் கொண்டுவந்த ஆளுநர் அடுத்த தேர்தலில் தோற்றே போனார்! எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அண்ணன் அதை வெட்டிவிட்டான்.

"பெயிலு கதைய எவன் பாக்கறான்? குதிரை, துப்பாக்கி, எண்ணெய்க் கிணறு... அதான் ஓடும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்திருக்கிறேன் இதுவரை?

செப்டம்பர் 9
பேஜாரு! டெக்சாஸ் பிள்ளைகள் ஆடுவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அண்ணன் வீடியோவில் காலால் உதைக்கிற ஆட்டத்தின் படத்தைப் போட்டிருக்கிறான். போட்டது அவன், திட்டு எனக்கு. "இந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போயிருக்கா?" என்று கமெண்டில் ஒருத்தர்.

போனேன் சார். பத்தாவது வரைக்கும். கணக்குல பெயிலு. அப்புறம் போகல. போதுமா?

செப்டம்பர் 10
ஞாயிற்றுக்கிழமை லைவ் வைக்கிறானாம். டெக்சாஸ் தமிழர்கள் கேட்பார்களாம், நான் பதில் சொல்லணுமாம். "மாட்டேன்னா சொல்லு, வேற பொண்ணு பாத்துக்கறேன்." எழுதித் தராமல் நான் எதைப் பேச? வகுப்பில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, "மெத்தைக்கு நடுவுல உக்காந்துக்கினு பேச இன்னாடி பயம்?" என்றாள். அவளுக்கு எல்லாமே சுலபம்.

செப்டம்பர் 11
வேலை போனால் போகட்டும்.
— போகக் கூடாது. நான் வாய் திறக்கிற இடம் அது ஒன்றுதான்.

செப்டம்பர் 14
லைவில் வணக்கத்தோடு நின்றுவிட்டேன். எதிரே அண்ணன் பேசு பேசு என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எரிச்சலாக வந்தது. டாலஸிலிருந்து ஒரு அம்மா பேசினார். "என் பையனும் அந்த ஆட்டம் ஆடறான், படத்த மாத்துங்கம்மா. பாஸானாதான் ஆடலாம்னு சட்டம் இருக்கே, அத ஏன் சொல்லல?"

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே! அவன் வெட்டியதெல்லாம் என் வாயிலிருந்து கடகடவென்று வந்தது. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்: "பெயிலான பையன் என்னம்மா பண்ணுவான்?"

"மூணு வாரம் வெளிய உக்காருவான். அதுக்குள்ள மார்க் எடுத்துட்டா திரும்ப ஆட வேண்டியதுதான்."

மூன்று வாரம். எனக்கு யாரும் இத்தனை வாரம் என்று கணக்குச் சொல்லவில்லை. நானாக இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22
அடுத்தது கலிபோர்னியா. விடிந்ததும் வா என்று நேற்று ராத்திரி போனில் சொன்னான் அண்ணன்.

"பத்து மணிக்கு மேலதான் வர முடியும்ணா."

"ஏன், அங்க இன்னா வெட்டி முறிக்கற?"

"கணக்கு டியூஷன்."

"சரி, முடிச்சிட்டு ஜல்தி வா" என்றான்.

டியூஷன் முடித்துவிட்டுப் போனேன். பாழாய்ப்போன மின்விசிறியை இன்றும் போடவில்லை.