மாடிக்குப் போன பென்ஷன் கவுன்ட்டர்

திருமுல்லைவாயில்
11.10.1991

அன்பு மகள் நாகவல்லிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேம்புலியம்மன் துணை. அம்மாவுக்குப் பல் எடுத்தாயிற்று, வீடு இரண்டு நாளாக அமைதியாக இருக்கிறது.

நம் பேங்க்கில் பென்ஷன் கவுன்ட்டரை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது படி. நகைக் கடனுக்கு வருகிறவர்களுக்கு அவசரமாம், அதனால் கீழே அவர்களுக்கு இடம். பென்ஷன்காரர்களுக்கு அவசரம் இல்லையாம், அதுவும் ஒரு வகையில் சரிதான். பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகச் சேவை செய்ய யோசனை சொல்லுங்கள் என்று மேனேஜர் போன மாதம் கூட்டம் போட்டார், கூட்டமும் மாடியில். என்னோடு ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்டில் இருந்த துலுக்கானம் மாமாவால், இடுப்பில் தகடு வைத்ததிலிருந்து படி ஏற முடியாது. அவர் கஷ்டத்தையும் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவரைக் கீழே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஏறினேன். மேலே போனதும் மூச்சு வாங்கியதில் பத்து நிமிடம் பேச்சே வரவில்லை. அதற்குள் டீ கொடுத்து, மாடி ஏறக் கஷ்டமா என்று வந்திருந்த ஏழு பேரையும் கேட்டார்கள். ஏறி வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள், இல்லை என்றார்கள். நான் கையை ஆட்டினேன், அதையும் இல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். முதியோருக்குச் சிரமம் இல்லை என்று எழுதி மரியாதையாக நீட்டினார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பது வருடம் நீட்டிய இடத்திலெல்லாம் போட்டுப் பழகிய கை.

துலுக்கானம் கோபித்துக்கொள்ளவில்லை. நீயே கையெழுத்து போட்டுட்டு வந்துகீற, அப்பால நான் இன்னாத்த சொல்றது என்றார், அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பென்ஷனில்தான். இந்த மாதம் முதல் தேதி அவரோடு நானும் முதல் படியில் உட்கார்ந்துவிட்டேன். பியூன் நாகப்பன் வந்து, சார் மேல கூப்புடறாரு, வா பெருசு என்றான். உங்க சாருக்கு வயசு கம்மிதானே, அவரை எறங்கி வரச் சொல்லு, போட்ட கையெழுத்த திருப்பி வாங்கணும் என்றேன். கிளார்க்குகள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பதினொன்றரைக்கு மேனேஜரே இறங்கி வந்தார். இப்போது மாதம் முதல் ஐந்து நாள் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். ஃபேன் கிடையாது. துலுக்கானம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், நானறிந்து இதுதான் முதல் தடவை.

தீபாவளிக்கு எங்களைப் பம்பாய்க்கு வரச் சொல்லியிருக்கிறாய், உங்கள் புது வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். வருகிறோம் என்று போன கடிதத்தில் பதில் போட்டேனே, அதுவும் அந்தக் கையெழுத்து மாதிரிதான் வல்லி. எங்களால் ஏற முடியாது. பேத்தியைப் பார்த்து ஒரு வருடமாகிறது, ஏக்கமாக இருக்கிறது. நீ இறங்கி வாம்மா.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

உன் அப்பா,
மு. உலகநாதன்