மாமன் சீராக வந்த பூமி உருண்டை

என் அக்காவுக்கு, வாயாடிக்கு, என் செல்லத்துக்கு,

வெள்ளைக்காரன் போய்விட்டான். பள்ளிக்கூட மானியம் மட்டும் நிற்கவில்லை. சேலத்துக் கல்வி அறநிலையம் இந்த வருடமும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறது. தேசப்படம், கதைப் புத்தகங்கள், ஒரு பூதக்கண்ணாடி. நான் நம் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கண்ணை மூடினாய். இப்போது ஊரார் வழிமறித்து, "மாமன் சீரு வந்துருச்சுங்களா டீச்சரம்மா?" என்று உரிமையோடு கேட்கிறார்கள். எல்லாம் நீ ஆரம்பித்து வைத்தது.

முதல் பெட்டி கடத்தூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூடியில் 'தர்ம நிதி' என்று கொட்டை எழுத்து. பக்கத்து டவுனுக்குப் பெயரே தர்மபுரி. ஆனால் தர்மம் வாங்க நம் ஊரில் ஒருவன் கை நீட்டுவானா? அப்பாதான் முதலில் குதித்தார்.

"தர்மத்துல வந்த பொஸ்தகத்த எம்புள்ளைங்க தொடணுமா? நம்ம வூட்ல என்ன கூழுக்கு இல்லாமயா கெடக்குறோம்? நாளையிலருந்து ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போவ வேணாம்!"

ஊரே அவர் பக்கம் நின்றது. வாத்தியார் கையைப் பிசைந்தார். எனக்கு அழுகை முட்டியது. உனக்கு வந்தது கோபம்.

"ஏம்ப்பா, மாமன் கொண்டாந்தா அது தர்மமா?"

"அதெப்பிடி? அது சீரு. நம்ம உரிமை."

"அப்ப இதையும் சீரா கொண்டாரச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாமன் இருக்கக் கூடாதா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாத்தியாரைப் பார்க்கப் போனார். மறுநாள் மேளம் முழங்க, வெற்றிலை பாக்கு தேங்காயோடு புத்தகங்கள் தாம்பாளத்தில் வந்தன. கூடவே வந்த பூமி உருண்டைக்கு யாரோ குங்குமப் பொட்டே வைத்துவிட்டார்கள். பொட்டு விழுந்த இடம் ஆப்பிரிக்காவா இல்லையா என்று நாம் போட்ட சண்டை இருக்கிறதே! அதுவரை மணலில் விரல் தேய எழுதியவர்கள் நாம். பிறகு ஆடு மேய்க்கப் போனாலும் உன் மடியில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. ஆடு சோளக்காட்டில் இறங்கி நீ வாங்கிய ஏச்சையெல்லாம் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. நீ வயதுக்கு வந்தாய். நிஜ மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்டி, சீர் கொண்டுவந்தார். புடவை, பழம், பலகாரம் என்று எத்தனை தட்டு! ஒன்றிலும் புத்தகம் இல்லை. அதோடு உன் படிப்பு முடிந்தது. "ஏ புள்ள, அந்தக் கதையில ராணி கடைசியில என்ன ஆனா?" என்று குடிசைக்குள்ளிருந்து கேட்டாயே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்கா, போன வாரம் உன் மகள் பொன்னி பெரியவளானாள். "வயசுக்கு வந்த புள்ளைக்கு இனி எதுக்கும்மா பள்ளிக்கூடம்?" என்றார் உன் வீட்டுக்காரர். நமக்குத்தான் கூடப்பிறந்த ஆண் இல்லையே. தாய்மாமன் சீர் யார் செய்வது என்று ஊர் முழித்தது. நான் செய்தேன். புடவைக்கு மேலே அவளுடைய அடுத்த வகுப்புப் புத்தகங்களை அடுக்கி, தட்டைத் தலையில் சுமந்து, மேளத்தோடு போனேன். மாமன் சீரைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் உன் வீட்டுக்காரருக்கு ஏது? வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவளை நானே கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவளே போதும் என்று சொல்லும்வரை படிக்க வைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கை,
உன் மகளுக்குத் தாய்மாமன்.