மேல்மாடியிலிருந்து ஒரு கூவல்

அன்புள்ள மிசாவோ,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, பயப்படாதே.

ஞாயிறன்று கபுகி நாடகம் பார்க்கப் போனேன். நாயகன் கண்ணை உருட்டிச் சிலையாக நிற்கும்போது மேல்மாடியிலிருந்து அவரது பரம்பரைப் பெயரைக் கூவ வேண்டுமே, வழக்கமாகக் கூவும் பெரியவருக்கு அன்று இருமல். "தம்பி, நீ கூப்பிடு, சீக்கிரம்!" என்று என் விலாவில் இடித்தார்.

எனக்குத் தைரியம் வந்து "ஹமானோயா!" என்று கத்தியபோது நாயகன் உள்ளே போய்விட்டிருந்தார். மேடையைப் பெருக்கும் வேலைக்காரன் வேஷக்காரர் மட்டும்தான் இருந்தார். ஒரு கணம் திகைத்தவர், துடைப்பத்தை வாள்போல் தூக்கிக் கண்ணை உருட்டி நின்றார் பார், அரங்கமே அதிர்ந்தது!

"அவனும் அதே பரம்பரைச் சீடன்தான்டா. முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் ஒருத்தன் கூப்பிட்டிருக்கான்" என்றார் பெரியவர்.

டோக்கியோ வந்த ஆறு மாதத்தில் நான் வாய்விட்டுக் கூப்பிட்ட ஒரே பெயரும் அதுதான். தொண்டைக்கு நீ ஊறப்போட்ட உப்புப் ப்ளம் கொஞ்சம் அனுப்பு. நீயே கொண்டுவந்தால் ஸ்டேஷனில் உன் பெயரைக் கத்துவேன். இந்தத் தடவை நேரம் தப்பாது.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உன் கெய்ஜி