நெட் கோளாறு

திருப்பதி
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கீர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. நெஞ்சில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? இங்கே நான் நலம்.

நேற்று இன்டர்நெட் கம்பெனியிலிருந்து யஸ்வந்த் என்று ஒருவர் வந்து, என் அறை ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப்போவதாகச் சொன்னார். இலவசமாம்! கேட்காமலே கொடுக்கிறவனை எப்படி நம்புவது? சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்து, அவருடைய அடையாள அட்டையை போட்டோ எடுத்தேன். ஓடிபி கேட்டதும் கதவையே சாத்திவிட்டேன்.

“யம்மா, நான் இன்னா திருடனா? உங்க நைனாதான் தெனமும் எங்க கம்பெனிக்கு போன் பண்ணிக்கினு கீறாரு, வீடியோல பொண்ணு மூஞ்சியே தெரியலன்னு!” என்று வெளியிலிருந்து கத்தினார்.

உங்கள் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டேன். பழைய ரவுட்டரைச் சோதித்துப் பார்த்தவர், “இது நல்லாத்தானே கீது?” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நெட்டில் ஒரு கோளாறும் இல்லை அப்பா. வீடியோவை நான்தான் அணைத்து வைத்தேன். உங்கள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் மொட்டையா என்று அம்மா அழுவாளே, அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறேன். முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். சீயக்காய் அனுப்ப வேண்டாம். தலையில் கட்டிக்கொள்ள அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று போதும். துவைக்காமல் அம்மா வாசனையோடே அனுப்பச் சொல்லுங்கள்.

டியூட்டிக்கு பஸ் வந்துவிட்டது.

கீர்த்தி