ஆறாம் கேள்விக்கு விடை

சேசு மரி சூசை துணை

சேலம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வேளாங்கண்ணிக்கு,

நீயும் டெபோராவும் மாப்பிள்ளையும் பேரனும் பூனாவில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டி, உன் கணவர் சவரியார் எழுதுவது. போனில் பேசினால் எனக்குப் பாதியில் பேச்சு நின்றுவிடுகிறது. நீயும் உடனே போனைக் குழந்தையின் காதில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. டெபோரா அனுப்பிய புதிர் நடைக்கு நான் போய்வந்தது.
2. வழியில் நடந்தவை.
3. அந்த நடையின் ஆறாம் கேள்வியில் பிழை இருப்பது.
4. நீ அவசரப்பட்டு இங்கே வர வேண்டாம் என்பது.

புதிர் நடை என்றால் வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. தபாலில் ஒரு சிறு புத்தகம் வருகிறது. அதில் ஏழு கேள்விகள். ஓரிடத்தில் நின்று எதையாவது பார்த்து, எண்ணி, விடையைப் போனில் போட்டால்தான் அடுத்த இடம் எதுவென்று திறக்கும். நம் ஊர்ப் பையன் சபரிநாதன் என்பவர் தயாரித்தது. அட்டையில் ‘இருவருக்கு’ என்று அச்சடித்திருக்கிறது. டெபோரா அதைக் கவனித்துத்தான் வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் மேசைமேல் அப்படியே கிடந்தது. ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. நீ பிரசவம் பார்க்கப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. திரும்பி வர இரண்டு முறை டிக்கெட் எடுத்தாய், இரண்டு முறையும் ரத்து செய்தாய். காரணம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். அதைத் தெருவில் நடந்தால் என்ன என்று நேற்றுக் காலை கிளம்பினேன். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். முதல் அக்ரகாரம் சேர்வதற்குள், நான்காவது முறையும் இழுத்திருக்கலாமே என்று கவலை வந்துவிட்டது.

முதல் நான்கு கேள்விகளும் சுலபம். ஐந்தாவது, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையின் பழைய மரக்கதவில் எத்தனை குமிழ்கள் என்பது. விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மாள், “என்னங்க தாத்தா, ஒரு மாசமா வர்றவங்க எல்லாம் எங்க கதவையே எண்ணிட்டுப் போறீங்க! உள்ள கொலுசும் இருக்கு, அதையும் எண்ணுங்க” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, அம்மாவக் கூட்டிட்டு வாங்க” என்றார். நீ ஊரில் இல்லை என்றேன். “எப்ப வருவாங்க?” என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல நின்றேன்.

ஆறாவது இடம் நம் பங்குக் கோயில்! உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எத்தனை என்பது கேள்வி. வழக்கமான என் பெஞ்சில் உட்கார்ந்து ஆண்கள் பக்கச் சுவரில் எண்ணினேன், ஏழு. எதிர்ச் சுவரில் ஏழு. ஆகப் பதினான்கு. போன் ஏற்கவில்லை. மூன்று முறை போட்டும் ஏற்கவில்லை. சபரிநாதனைக் கூப்பிட்டு, புத்தகத்தில் பிழை என்றேன். “அய்யா, நூறு பேருக்கு மேல நடந்துட்டாங்க, யாரும் அப்படிச் சொல்லலீங்களே. உள்ள போய்த்தான் எண்ணுனீங்களா?” என்றார். நாற்பது வருடமாக அங்கேதான் பூசை காண்கிறேன் என்று சற்றுக் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவர் “அப்பச் சரிங்கய்யா” என்று வைத்துவிட்டார். திருத்தம் போடச் சொல்லி அவருக்குத் தனியாக எழுதுவேன்.

நான்காவது குறிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோறு வடித்துக்கொள்கிறேன். மாத்திரை தவறுவதில்லை. பேரனுக்கு நடை வரட்டும், நீ அவசரப்பட வேண்டாம்.

புதன்கிழமை

இதைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில், எதற்கும் இருக்கட்டும் என்று கோயிலுக்குள் நுழைந்தேன். ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மறு பக்கத்தை ஊகிக்காதே என்று சர்வே ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். முந்தாநாள் எதிர்ச் சுவரை நான் எண்ணவில்லை. தூண்கள் மறைத்தன. இந்தப் பக்கம் ஏழு என்றால் அந்தப் பக்கமும் ஏழு என்று எழுதிக்கொண்டேன்.

இன்று பெண்கள் பக்கம் போய் நின்றேன். அங்கே ஜன்னல் ஆறுதான். ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய கதவு.

பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த டோனி, “அக்கா எடத்துலயே வந்து நிக்கிறீங்க” என்றான். உன்னைச் சொல்கிறான் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. “சாம்பிராணி போட்டா அக்காவுக்கு மூச்சு முட்டுமுங்களே. இந்தக் கதவத் தொறந்து வெளிய போய் நிப்பாங்க. செல நாள் பூச முடியிற வரைக்கும் அங்கயேதான். உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றான்.

பூசை முடிந்து நான் வரும்போது நீ எனக்கு முன்பே வேப்பமரத்தடியில் நிற்பாய். பெண்கள் பக்கம் சீக்கிரம் கலைந்துவிடும்போல என்று நினைத்துக்கொள்வேன். ‘அதற்குள் வந்துவிட்டாயா’ என்று கேட்டிருக்கிறேன். வேறு எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் கதவைத் திறந்து வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பதின்மூன்று என்று போட்டேன். போன் ஏற்றுக்கொண்டது. ஏழாம் கேள்வி திருமணிமுத்தாற்றுப் பாலத்தில். ஒருவர் இந்தக் கரையிலும் மற்றவர் அந்தக் கரையிலும் நின்று, அவரவருக்குத் தெரிவதைச் சொல்லிச் சேர்க்க வேண்டுமாம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு தாளில் புதிதாக எழுதியிருக்கலாம். ஆனால் சர்வே புத்தகத்தில் தவறை அழிக்கக் கூடாது, கோடிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்திருக்கிறேன். உனக்கும் குழந்தைக்கும் மாதா துணையிருக்கட்டும். மூச்சு இப்போது எப்படியிருக்கிறது என்று எனக்கு எழுது.

மூன்றாவது குறிப்பு தவறு. பிழை என்னுடையது. நீ வர வேண்டாம் என்ற நான்காவதின் மேலும் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அதில் கோடு போட வேண்டியவள் நீ.

இப்படிக்கு,
சவரியார்