இறந்தவரை "வரவில்லை" என்று நீக்கிய ஆணையை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
மத்தியஸ்தர், உறுப்பினர் எண் 9,
சமரச மையம், இரண்டாம் மாடி, நான்காம் அறை,
நீதிமன்ற வளாகம்.

பெறுநர்:
பொறுப்பு நீதிபதி அவர்கள்,
சமரச மையம்,
நீதிமன்ற வளாகம்.

பொருள்: மறைந்த மத்தியஸ்தர், உறுப்பினர் எண் 14, பணிக்கு வராததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது – ஆணையை ரத்து செய்து, வரும் வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டத்தில் அவர் பெயரை வாசிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வழக்கறிஞர் தொழிலை விட்டபின் பதினோரு ஆண்டுகளாக இம்மையத்தில் மத்தியஸ்தராக இருக்கிறேன். நான்காம் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. எதிர்மேசை உறுப்பினர் எண் 14-க்கு உரியது. வளாகத்தில் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். அவரைவிட நான் நான்கு வயது மூத்தவன். நானும் அக்கா என்றே அழைத்தேன். இம்மனுவிலும் அப்படியே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். எண் 14 என்று எழுதக் கை வரவில்லை.

2. அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. இருதரப்பும் ஒத்துப்போய் உடன்படிக்கை தட்டச்சாகி வந்ததும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுவார். அதுவரை பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். படித்தவர், படிக்காதவர், வக்கீல், வக்கீலுக்கு வக்கீல், யாராக இருந்தாலும் இதுதான் சட்டம். "அக்கா படிக்க ஆரம்பிச்சாச்சா? அப்ப டீ குடிச்சிட்டே வந்துரலாம்" என்று கேலி பேசியவர்களில் முதல் ஆள் நான். மறைக்க விரும்பவில்லை.

3. அந்த வாசிப்பின் அருமைக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துக்காக அண்ணனும் தம்பியும் ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். ஒருவழியாக இறங்கி வந்தார்கள். அக்கா மூன்றாம் பக்கம் படிக்கும்போது, "கதவுச் சாவி மூத்தவர் வசம் இருக்கும்" என்ற வரியில் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரும் வேண்டுமென்றே எழுதியதல்ல, பழைய வரைவில் கிடந்த வரி. அக்கா அதை அடித்துவிட்டு, சாவி இரண்டு என்று எழுதி, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் முடித்துவைத்த எந்த வழக்கும் சண்டையாகத் திரும்பி வந்ததில்லை. என்னுடையவை வந்திருக்கின்றன.

4. சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு அக்கா வந்தார். மின்தூக்கியில் "பழுது" என்ற அட்டை தொங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் வழக்குக் கட்டுடன் படியேறியவர் முதல் மாடித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினொரு மணி வழக்குக்குரிய கணவனும் மனைவியும், குழந்தை யாரிடம் இருப்பது என்று பேச வந்தவர்கள், எங்கள் அறையில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

5. அன்றைய பதிவேட்டில் "மத்தியஸ்தர் வரவில்லை" என்று இருக்கிறது. நான் பிறகு பதிவு எழுத்தரிடம் கேட்டேன். "வந்தார், வரலைன்னு ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு. செத்துட்டாங்கன்னு எழுத எடம் இல்லையே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டம் போட்டவர் மேல் இருக்கிறது.

6. அதன்பின் கணினி, முறை வைத்து, அக்காவுக்கு வழக்குகளை ஒதுக்கிக்கொண்டே இருந்தது. தரப்பினர் வந்து காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்கள். "வரவில்லை" ஆறு முறை ஆனதும் அக்காவின் வீட்டு முகவரிக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை போயிற்று. தொடர்ந்து வராததற்காகத் தங்களை ஏன் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது என்பது கேள்வி. அதைக் கையெழுத்திட்டு வாங்கியவர் அவருடைய கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, "என் மனைவி இனி வர இயலாது" என்று ஒரே வரி எழுதி நேரில் கொண்டுவந்து கொடுத்தார். முகப்பு அலுவலர் அதைத் திருப்பிக் கொடுத்தார். "உறுப்பினர் அவங்களே கையெழுத்துப் போட்டு குடுக்கணும் ஐயா, வேற யார் குடுத்தாலும் எடுத்துக்க மாட்டோம்" என்றாராம். கணவர் சண்டை போடவில்லை. சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே படிகளில் இறங்கிப் போனார்.

7. விளக்கம் வரவில்லை என்று கூறி, "தொடர் வருகையின்மை, பணியில் அக்கறையின்மை" ஆகிய காரணங்களுக்காக உறுப்பினர் எண் 14 நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் பெயர் நினைவுக் கூட்டத்தில் வாசிக்கப்படாது என்பது விதியாம். வெள்ளிக்கிழமைக்கான பட்டியலை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். ஏழு பெயர்கள். மறைந்தவர்களைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் "பொறுமையின் இலக்கணம்" என்று அதில் புகழப்பட்டிருப்பவர், தேதி தவறிய இளம் வக்கீல் மேல் காகிதம் தைக்கும் கருவியை வீசியபோது குனிந்து தப்பித்தவர்களில் நானும் ஒருவன். இரங்கல் குறிப்பு ஆண்டுதோறும் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். அந்தப் பெயரைக்கூட அக்காவுக்குத் தர மனமில்லையா என்று நேரே போய்க் கேட்டேன்.

8. மனுவாகக் கொடுத்தால் பார்க்கலாம் என்று மையச் செயலாளர் சொன்னார். சரி, செய்தவர்களை விடக்கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு, இணைப்புக்காக அக்காவின் கணவரிடம் அந்தச் சான்றிதழ் நகலையும், அலுவலகத்தில் நீக்க ஆணையின் நகலையும் வாங்கினேன். அதில் தங்கள் அலுவலக முத்திரையும், ஆண்டு மறுஆய்வுக் குழுவினர் மூவரின் கையெழுத்தும் இருக்கின்றன.

9. ஐயா, மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

10. எனக்கு நினைவிருக்கிறது. ஆண்டு மறுஆய்வுக் கோப்பு நாற்பத்திரண்டு பக்கம், எல்லாம் எண்கள், பெயரே கிடையாது. எனக்கு வழக்கு காத்திருந்தது. "எங்கப்பா போடணும்?" என்றுதான் கேட்டேன். எழுத்தர் பென்சிலால் குறி போட்டிருந்த இடங்களில் நின்றபடியே போட்டுக்கொண்டு போனேன். அந்தத் தாள்களை விரித்து வைக்க என் மேசையில் இடமில்லை. காலியாக இருந்த எதிர்மேசையில் வைத்துத்தான் போட்டேன். பத்து ஆண்டுகள் அந்த மேசையில் ஒருவர் பேனாவைப் பிடித்துவைத்துக்கொண்டு படித்ததைக் கேட்டவன், அவரை அக்கறையற்றவர் என்று அங்கேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறுதிச் சடங்கில் முன்வரிசையில் நின்று அழுதவனும் நானே. வெட்கமாக இருக்கிறது.

11. எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

அ) நீக்க ஆணையை ரத்து செய்ய வேண்டும்.

ஆ) பதிவேட்டில் ஆறு "வரவில்லை"களையும் அடிக்க வேண்டும். ஐந்தை விட்டாலும் முதலாவதை விடக்கூடாது. அன்று அக்கா வந்தார். முதல் மாடித் திருப்பம் வரை வந்தார்.

இ) வெள்ளிக்கிழமை அவர் பெயரை வாசிக்க வேண்டும். பழைய இரங்கல் குறிப்பு வேண்டாம், உரக்கப் படித்துக் காட்டியவர் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஈ) அவர் கணவருக்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தபாலில் அல்ல. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கதவைச் சாத்தினாலும் ஏற்றுக்கொள்வேன்.

உ) படிக்காமல் கையெழுத்திட்டதற்காக என்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். வயதைக் காரணம் காட்டி ஆறப்போட வேண்டாம்.

12. ரத்து ஆணையும் மூவர் கையெழுத்துக்கு வரும் என்று அறிகிறேன். அன்று யாரும் பேனாவைத் தொடுமுன், அதை முழுவதும் உரக்கப் படிக்க எனக்கு அனுமதி வேண்டும். டீ குடிக்கப் போக நினைப்பவர்கள் போகட்டும். அவர்கள் வந்தபின் முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பேன்.

தாமதமின்றி ஆவன செய்வீர்கள் என்று நம்பி முடிக்கிறேன்.

இணைப்பு: நீக்க ஆணை நகல், இறப்புச் சான்றிதழ் நகல் (நான்காக மடிக்கப்பட்டது).

இடம்: நான்காம் அறை, எதிர்மேசை
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
(கையொப்பம்)
மத்தியஸ்தர், உறுப்பினர் எண் 9
முழுவதும் வாய்விட்டுப் படித்தபின் இடப்பட்டது.